கறையான்: இனம் அறிந்து செயற்படுவோம்

(நாடுகாணியில் சிறு விவசாயிகளிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



கறையானை ஒழிப்பது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பேசத்தான் போகிறேன். ஆயினும் அதற்கு முன்னர் ஒரு வினாவை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நாம் ஒழிக்க விரும்புவது எந்தக் கறையானை? இவ்வினாவுக்கு விடை காணாமல் மருந்தைக் கையில் எடுப்பது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கறையான் என்ற ஒரே பெயரால் நாம் பல உயிரினங்களைக் குறிப்பிடுகிறோம். உலகில் இதுவரை ஏறத்தாழ 3,000 கறையான் இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் சுமார் 300 இனங்கள் நம் இந்திய நாட்டில் வாழ்கின்றன. இந்த முந்நூற்றில் வீட்டுக்கும் பயிருக்கும் குறிப்பிடத்தக்க தீங்கு செய்பவை சில பத்து இனங்களே. எஞ்சியவை காட்டிலும் தோட்டத்திலும் உதிர்ந்த சருகையும், மட்கிய மரத்தையும், காய்ந்த புல்லையும் உண்டு, மண்ணைக் கிளறி, தம் பணியைச் செய்துவருகின்றன. அவற்றின் பணியால் பயனடைபவர்களுள் நாமும் இருக்கிறோம்.

நாடு காணும் இடமாதலால் நாடுகாணி எனப் பெயர் பெற்ற இவ்வூர், கறையானைப் பற்றிப் பேசுவதற்கு ஏற்ற இடமேயாகும். உயரம் ஏற ஏறக் கறையான் இனங்கள் குறைந்துகொண்டே போவது இயற்கை. 2,200 மீட்டர் உயரத்திலுள்ள உதகையின் குளிர் அவற்றுக்கு ஏற்றதன்று. கூடலூர் வட்டாரமோ ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெப்பமும் மழையும் மரச்செறிவும் இங்கே ஒருங்கே அமைந்துள்ளன. அண்டையிலுள்ள வயநாட்டின் பெயரையே தாங்கி, ஆம்புலிடெர்மிஸ் வயநாடென்சிஸ் என்று ஒரு கறையான் இனம் அறிவியல் நூல்களில் இடம்பெற்றிருக்கிறது என்றால், இப்பகுதிக்கும் இப்பூச்சிக்கும் உள்ள உறவு விளங்கும்.

எறும்பா, கறையானா?

ஆங்கிலேயர் இதை வெள்ளை எறும்பு என்று அழைத்தனர். அது பிழையான பெயர். எறும்பு, குளவியின் சுற்றம். கறையானோ கரப்பானின் சுற்றம். மரபணு ஆய்வுகளின் பயனாக, 2007-ஆம் ஆண்டிலிருந்து கறையானைக் கரப்பான் வரிசையிலேயே சேர்க்க வேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்று, இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்டுவிட்டது. எறும்புக்கு இடை குறுகியிருக்கும். கறையானுக்கு இடை குறுகுவதில்லை. மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசல், இறகு முளைத்த கறையானே. அதன் நான்கு இறகுகளும் ஒரே நீளமுடையவை. இறகு முளைத்த எறும்புக்கு முன்னிறகு பெரிதாகவும் பின்னிறகு சிறிதாகவும் இருக்கும். வீட்டினுள்ளே சுவரிலிருந்தோ நிலைச் சட்டத்திலிருந்தோ ஈசல் புறப்பட்டால், அவ்விடத்தில் கறையான் குடியிருக்கிறது என்று பொருள். ஆகவே இவ்வேற்றுமையை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

கறையான் குடும்பத்தில் அரசனும் அரசியும் உண்டு. தொழிலாளரும் போர்வீரரும் உண்டு. தேனீக் கூட்டில் ஆண் தேனீ, அரசித் தேனீயுடன் சேர்ந்தவுடன் இறந்துவிடும். கறையான் அரசனோ தன் அரசியுடனேயே வாழ்நாள் முழுவதும் இருக்கும். ஈசலாகப் பறந்து, இறகுதிர்த்து, இணையாக மண்ணுக்குள் புகுந்த இருவரே ஒரு புற்றுக்குத் தாயும் தந்தையுமாவர். புற்றுக் கறையானின் அரசி வயிறு பருத்து, நகரவும் இயலாமல் தன் அறையிலேயே கிடந்து, நாளொன்றுக்குப் பல்லாயிரம் முட்டைகள் இடும். தொழிலாளருள் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. கண்பார்வையற்ற இவர்களே உணவு தேடுவதும், மண் சுமப்பதும், குஞ்சுகளுக்கு ஊட்டுவதும், கூட்டைச் செப்பனிடுவதும்.

போர்வீரரைக் கொண்டே இனத்தை எளிதில் அறியலாம். சில இனங்களில் வீரருக்குக் கத்தரி போன்ற தாடைகள் உண்டு. சிலவற்றில் தலை மூக்குப்போல நீண்டு, அதன் நுனியிலிருந்து பசை போன்ற நீரைப் பகைவர் மீது பீச்சும். உலர்ந்த மரத்தினுள்ளே வாழும் இனங்கள் சிலவற்றில், வீரன் தன் தடித்த தலையாலேயே துளையை அடைத்துக் காவல் புரியும்.

புற்றினுள்ளே ஒரு வேளாண்மை

நம் கிராமங்களில் ஆளுயரம் எழும்பி நிற்கும் புற்றுகளைப் பெரும்பாலும் கட்டுவது ஓடோன்டோடெர்மிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த கறையான்கள். இவை உழவர்கள் என்று சொன்னால் மிகையாகாது. மென்று விழுங்கிய சருகையும் மரத்தூளையும் கழிவாக இட்டு, கடற்பஞ்சு போன்ற பாத்திகளை அமைத்து, அவற்றில் டெர்மிடோமைசிஸ் என்ற காளானைப் பயிரிடுகின்றன. மரத்திலுள்ள கடினமான பொருள்களைக் காளான் சிதைத்துத் தர, அதன் விளைவைக் கறையான் உண்கிறது. வேண்டாத பூஞ்சை முளைத்தால் அதைக் களையாகக் கருதி அடக்குகின்றன. மனிதன் உழவு தொடங்கி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகின்றன. கறையான் இவ்வேளாண்மையைத் தொடங்கி ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கணிப்பு.

புற்றினுள் இருக்கும் இக்காளான் பாத்தியை அறிவியல் உலகுக்கு முதலில் எடுத்துரைத்தவர்களுள் ஒருவர், நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தவரே. தரங்கம்பாடியில் மருத்துவராகப் பணியாற்ற வந்த யோகான் கெரார்ட் கோனிக் என்பவர், தஞ்சைப் பகுதிக் கறையான்களை ஆராய்ந்து 1779-ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் கட்டுரை வெளியிட்டார். ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றிய ஸ்மீத்மனின் புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது அதற்கு இரண்டாண்டுகள் கழித்தே.

முதல் மழைக்குப் பின் புற்றின் மேலும் அதனருகிலும் முளைக்கும் புற்றுக் காளானையும், வெண்மணி சிந்தினாற்போலத் தோன்றும் சிறு காளானையும் நம் மக்கள் நெடுங்காலமாக உண்டு வருகின்றனர். அவை இப்பாத்திகளிலிருந்து எழுபவையே. புற்றை அழித்தால் அக்காளானும் அழியும். (காட்டில் முளைக்கும் காளான் எல்லாம் உண்ணத்தக்கவையல்ல, அறிந்தவர் துணையின்றி எதையும் சமைக்கலாகாது.)

புற்று காற்றோட்டமுள்ள வீடுமாகும். பெங்களூரில் ஓடோன்டோடெர்மிஸ் ஒபீசஸ் புற்றுகளில் நடத்தப்பெற்று 2015-இல் வெளியான ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. பகலில் புற்றின் வெளிப்புற மடிப்புகள் சூடேறுவதால் அங்குள்ள காற்று மேலெழுந்து, நடுவில் கீழிறங்குகிறது. இரவில் இவ்வோட்டம் திசை மாறுகிறது. எந்திரமும் எரிபொருளும் இன்றி, இரவு பகல் வெப்ப வேறுபாட்டினாலேயே புற்று மூச்சு விடுகிறது.

மண்ணுக்கு ஆற்றும் தொண்டு

கறையான் வளை தோண்டும் நிலத்தில் மழைநீர் ஓடிப்போகாமல் உள்ளே இறங்குகிறது. அடிமண் மேலே வருகிறது. சருகும் சுள்ளியும் உரமாகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை வயல்களில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், எறும்பும் கறையானும் விடப்பட்ட நிலம், அவை நீக்கப்பட்ட நிலத்தைவிட 36 சதவீதம் மிகுதியாக விளைந்தது. ஆப்பிரிக்காவின் பர்கினா பாசோ நாட்டில் யாக்குபா சவடோகோ என்ற உழவர், பாறைபோல் இறுகிய தரிசில் சிறு குழிகள் தோண்டி எரு இட்டார். எருவைத் தேடி வந்த கறையான்கள் மண்ணைத் துளைத்து நீர் இறங்க வழி செய்தன. அத்தரிசு சோளக் கொல்லையாகவும் காடாகவும் மாறிற்று. அவர் கறையானைக் கூலியில்லாத வேலையாளாகக் கொண்டார். சரிவான நிலத்தில் பயிர் செய்து, பெருமழையில் மேல்மண்ணைப் பறிகொடுக்கும் நமக்கு, நீரை நிலத்துள் இறக்கும் எந்த உயிரும் வேண்டியதே.

காட்டில் கரடிக்கும் எறும்புதின்னிக்கும் கறையான் முக்கியமான உணவு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

தோட்டத்தில் எது குற்றவாளி?

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். சில்வர் ஓக் மரத்திலும் காப்பிச் செடியிலும் அடிப்பட்டையின் மேல் மண் பூச்சைக் கண்டவுடன், மரம் அழிந்ததென்று பலர் அஞ்சுகின்றனர். அப்பூச்சுக்கடியில் இருக்கும் ஓடோன்டோடெர்மிஸ் கறையான் பெரும்பாலும் உண்பது செத்த வெளிப்பட்டையையே. முற்றிய மரத்தில் அம்மண்ணைத் துடைப்பத்தால் தட்டிவிட்டாலே போதுமானது.

தேயிலையின் உயிருள்ள தண்டைக் குடையும் கறையான்கள் வேறு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கிளிப்டோடெர்மிஸ் டைலேட்டேட்டஸ் முதலிய இனங்கள் இவ்வகையில் பெருந்தீங்கு செய்வதை, 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் அங்கிருந்து தாயகம் திரும்பி இவ்வட்டாரத்தில் குடியேறிய குடும்பங்களின் மூத்தோர் அறிந்திருக்கக்கூடும். அவை புற்றுக் கட்டுவதில்லை. செடியின் உட்புறமே அவற்றின் வீடு. கவாத்து செய்த காயம் அழுகி, அவ்வழியே உட்புகுகின்றன. தோட்டத்தின் ஓரத்திலுள்ள புற்றை இடித்து அதில் நஞ்சை ஊற்றுவதால் இவற்றுள் ஒன்றுகூடச் சாகாது. குற்றம் செய்தவன் ஒருவன், தண்டனை பெறுபவன் மற்றொருவன் என்பது இதுவே.

ஆகவே தோட்டத்தில் செய்யத்தக்கவை இவை. கூரிய கத்தியால் சாய்வாகக் கவாத்து செய்து, பெரிய வெட்டுக்களுக்குப் போர்டோ பசை பூச வேண்டும். செத்த கிளைகளை உடனுக்குடன் நீக்க வேண்டும். நன்கு மட்கிய எருவையே இட வேண்டும். மட்காத சாணமும் வைக்கோலும் கறையானை வேரருகே அழைத்துவரும். தைல மர நாற்று முதலாண்டில் கறையானுக்கு எளிதில் இரையாகும். அவ்விடத்தில் நாட்டு மரங்களை நடுவது பலவகையிலும் நன்று. தரையைச் சருகே இல்லாமல் துப்புரவாக்கிவிட்டால், பசித்த கறையானுக்கு எஞ்சியிருப்பது உங்கள் இளங்கன்று ஒன்றே என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டைக் காக்கும் வழி

வீட்டைப் பொறுத்தவரை இரக்கம் காட்ட வேண்டியதில்லை. ஏட்டுச் சுவடிகளும் நிலப் பத்திரங்களும் கறையானுக்கு இரையான கதைகளை நாம் அறிவோம். இங்கும் இரு வகை உண்டு. மண்ணிலிருந்து வருபவை சுவரின் மேல் மண்குழாய் அமைத்தே ஏறும். அவற்றின் மெல்லிய உடல் வறண்ட காற்றைத் தாங்காது; குழாயை உடைத்து, ஈரத்தை நிறுத்தினால் பாதி வெற்றி கிட்டிவிட்டது. உலர்மரக் கறையானுக்கு மண்ணும் வேண்டா, குழாயும் வேண்டா. கதவடியிலோ அலமாரியடியிலோ கசகசாவைப்போல ஆறு பட்டையுள்ள சிறு மணிகள் உதிர்ந்து கிடந்தால், அம்மரத்தினுள் அது இருக்கிறது என்று அறியலாம். அம்மரத்தை மாற்றுவதோ, அம்மரத்துக்கு மட்டும் மருந்திடுவதோதான் வழி. தரையில் மருந்து ஊற்றுவது வீண்.

வீடு கட்டுமுன் மனையிலுள்ள அடிக்கட்டைகளையும் வேர்களையும் அகற்றுங்கள். அடித்தளத்தை உயர்த்திக் கட்டுங்கள். மரத்தூண் மண்ணைத் தொடாமல் கல்லின் மேல் நிற்கட்டும். விறகைச் சுவரோடு சாய்த்து அடுக்காதீர்கள். தேக்கின் வைரம் போன்ற எதிர்ப்புத் திறனுள்ள மரத்தையோ, மருந்தூட்டிய மரத்தையோ நிலைகளுக்குப் பயன்படுத்துங்கள். மருந்து இன்றியமையாததாயின், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 6313-ஆம் எண் விதிமுறைப்படி, பயிற்சி பெற்றவரைக் கொண்டே செய்வியுங்கள்.

முற்காலத்தில் ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர், பி.எச்.சி. ஆகியவற்றைக் கறையானுக்கென்று தாராளமாக ஊற்றினர. அவை மண்ணில் பல்லாண்டுகள் அழியாமல் தங்கி, உணவின் வழியே மனித உடலிலும் சேர்வது கண்டறியப்பட்டதால், இன்று நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளன. இன்றைய மருந்துகளும் நஞ்சே. இம்மலையில் கொட்டியது இம்மலையோடு நிற்பதில்லை. பாண்டியாறு மேற்கே இறங்கிப் புன்னப்புழையாகிச் சாலியாற்றில் கலக்கிறது. நாம் சரிவில் ஊற்றும் நஞ்சு முதலில் நம் கிணற்றுக்கும், பின்னர் நிலம்பூர்ப் பக்கத்து மக்களின் நீருக்கும் போய்ச் சேரக்கூடும்.

அன்பர்களே! "கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது" என்பது பழமொழி. உழைப்பவன் ஒருவன், பயன் துய்ப்பவன் மற்றொருவன் என்பதே அதன் கருத்து. நம் முன்னோர் கறையானை உழைப்பாளி என்று கண்டனர். அவ்வுழைப்பாளிகளுள் வீட்டுக்குள் புகுந்தவனைத் தடுத்து நிறுத்துவோம். செடியைக் குடைபவனை இனங்கண்டு நீக்குவோம். நிலத்தில் உழைப்பவனை அவன் போக்கில் விட்டுவிடுவோம். அடுத்த முறை மருந்துப் புட்டியைத் திறக்குமுன், கறையானைக் கண்ட இடத்தையும், மண்குழாயோ மணியோ வீரனின் தலையோ கண்டதையும் குறித்துக்கொண்டு, வேளாண்மை விரிவாக்க அலுவலரிடமோ தோட்டக்கலை அலுவலரிடமோ காட்டுங்கள். செலவும் குறையும்; நிலமும் நீரும் கெடாமல் நம் மக்களுக்கு எஞ்சும்.