நடுவர் வந்தால்தான் ஆட்டம்

இங்கிலாந்தில் குளிர்காலச் சனிக்கிழமை பிற்பகல் என்றால் சிற்றூர்களின் ரக்பி மைதானங்கள் களைகட்டிவிடும். ஆடுபவர்களில் பெரும்பாலோர் அதற்காகச் சம்பளம் வாங்குவதில்லை. தச்சர், ஆசிரியர், லாரி ஓட்டுநர், கல்லூரி மாணவர் என்று வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்கள். பக்கத்துக்கு 15 பேராக 30 பேர் முட்டி மோதும் அந்த ஆட்டத்துக்கு நடுவர் ஒரே ஒருவர். அவரும் பெரும்பாலும் வட்டார நடுவர் சங்கம் அனுப்பிய தன்னார்வலர்தான். திரும்பப் போட்டுக்காட்டிச் சரிபார்க்க வீடியோ கிடையாது. கண்ணால் கண்டதை வைத்து அந்த நொடியிலேயே முடிவு சொல்லவேண்டும். அப்படிப்பட்டவரைத் திட்டினால் என்ன நடக்கிறது, என்ன நடக்கவேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

1871-ல் ரக்பிக்கு முதன்முதலாகப் பொதுச் சட்டங்களை எழுதியபோது அதில் நடுவரே இல்லை. தகராறு வந்தால் இரு அணித்தலைவர்களும் பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும் என்றுதான் இருந்தது. அது நெடுநாள் ஓடவில்லை. அணிக்கு ஒருவராக அம்பயர்கள் வந்தார்கள். அவர்களுக்குள்ளும் ஒத்துப்போகாதபோது இருவருக்கும் மேலே ஒரு நடுவர் வந்தார். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் முழு அதிகாரமும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆக, ‘எங்களுக்குள் பேசித் தீரவில்லை, நீங்கள் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம்’ என்று ஆட்டக்காரர்களே கூட்டி வந்தவர்தான் நடுவர். அவரைத் திட்டுகிறவர் தாம் கொடுத்த அந்த வாக்கை மீறுகிறார்.

இதைக் கட்டிக்காக்க ரக்பியில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. நடுவரிடம் பேசுவதாக இருந்தால் அணித்தலைவர்தான் பேசவேண்டும். மீறி முணுமுணுத்தால், பெனால்டி கொடுத்த இடத்திலிருந்து இன்னும் 10 மீட்டர் பின்னால் போகச் சொல்வார் நடுவர். தொடர்ந்தால் மஞ்சள் அட்டை, 10 நிமிடம் வெளியே. எல்லை தாண்டினால் சிவப்பு அட்டை. அதற்குப் பிறகு விஷயம் மைதானத்தோடு முடியாது, விசாரணைக்குப் போகும்.

உலக ரக்பி அமைப்பின் தண்டனை அட்டவணை இங்கே ஒரு படிக்கட்டு போல ஏறுகிறது. நடுவரின் அதிகாரத்தை மதிக்காமல் நடந்தால், குறைந்த அளவு குற்றத்துக்கே 2 வாரத் தடை. வாய்விட்டு ஏசினால் 6 வாரம். மிரட்டினால் 12 வாரம். கைவைத்துத் தாக்கினால் 24 வாரத்தில் தொடங்கி வாழ்நாள் தடை வரை போகலாம். தடை பெற்றவர் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ போய் ஆடவும் முடியாது. ஆட்டமே இல்லாத கோடை மாதங்களைத் தடைக்காலத்தில் கழித்துக்கொள்ளவும் விடமாட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு, மனம் வருந்தி, இதற்குமுன் எந்தப் புகாரும் இல்லாதவர் என்றால் பொதுவாகப் பாதி வரை குறைப்பார்கள்.

எழுத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறது. பிறகு ஏன் ஏச்சு ஓயவில்லை? இந்தப் படிக்கட்டின் முதல் படியில் யாரும் கண்டிப்புக் காட்டுவதில்லை என்பேன்.

ஆட்டம் முடிந்து, சேறு படிந்த காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, நடுவர் அறிக்கை எழுத உட்காருகிறார். எத்தனையாவது நிமிடம், அப்போது புள்ளிக் கணக்கு என்ன, தமக்கும் அந்த வீரருக்கும் இடையே எத்தனை மீட்டர், சத்தம் கேட்குமளவுக்கு யார் யார் அருகில் இருந்தார்கள் என்றெல்லாம் எழுதவேண்டும். எல்லாவற்றையும்விடச் சங்கடமானது, சொன்ன சொல்லை அப்படியே எழுதவேண்டும். ‘தகாத வார்த்தை பேசினார்’ என்று பூசி மெழுகினால் விசாரணையில் நிற்காது. தம்மை நோக்கி வந்த வசவைத் தம் கையாலேயே எழுதுவது யாருக்கும் எளிதல்ல. அந்த நேரம் பார்த்து, திட்டிய ஆளே வந்து, ‘சூட்டில் சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்’ என்று கைகுலுக்குவார். அறிக்கை அங்கேயே நின்றுபோகும். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய 2 வாரமோ 6 வாரமோ கிடைக்காமல் போகும். பார்த்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையன், இது செல்லும் என்று கற்றுக்கொள்வான்.

மன்னிப்புக் கேட்பது நல்ல குணம். அதை விசாரணைக் குழுவின் முன்னால் கேட்கட்டும். அதற்காகத்தான் தண்டனையில் பாதியைக் குறைக்க இடம் வைத்திருக்கிறார்கள்.

முதல் படியை அலட்சியம் செய்தால் மேல்படி எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்பதற்கு 2016 டிசம்பர் சாட்சி. இத்தாலியில் ஒரு லீக் ஆட்டம். நடுவர் மரியா பியாட்ரிஸ் பென்வெனுட்டி, ரியோ ஒலிம்பிக்கில் நடுவராக நின்றுவிட்டு வந்த இளம்பெண். பந்து வேறெங்கோ இருக்கும்போது வீரர் ஒருவர் பின்னாலிருந்து பாய்ந்து அவரைத் தரையில் சாய்த்தார். அவர் எழுந்து ஆட்டத்தை நடத்தி முடித்தார். சிகிச்சை பிறகுதான். அந்த வீரருக்கு 3 ஆண்டு தடை. தண்டனை கடுமையானது, நியாயமானது. ஆனால் அடி விழுந்த பிறகு வரும் தண்டனையால் அடியைத் தடுக்க முடியாது.

மேல்மட்டத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 2021-ல் தென்னாப்பிரிக்க அணியின் ரக்பி இயக்குநர் ராசி எராஸ்மஸ், நடுவர் நிக் பெர்ரியின் தீர்ப்புகளைக் குறை சொல்லி 62 நிமிட வீடியோ ஒன்றில் பேசினார். அது ஊரெல்லாம் பரவியது. அவருக்கு இரண்டு மாதம் எல்லா ரக்பி வேலைகளிலிருந்தும் தடை வந்தது. 111 டெஸ்ட் ஆட்டங்களுக்கு நடுவராக இருந்த வெய்ன் பார்ன்ஸ், தம் குடும்பத்துக்கே மிரட்டல் வந்ததை வெளிப்படையாகச் சொன்னார். 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தோடு அவர் ஓய்வு பெற்றார். அதே ஆட்டத்தில் வீடியோ நடுவராக இருந்த டாம் ஃபோலி, இணையத்தில் வந்த வசை மழைக்குப் பிறகு சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகினார். அவர்களுக்குப் பின்னால் ஓர் அமைப்பாவது இருந்தது. கிராமத்து மைதானத்தில் நிற்பவருக்கு அவருடைய விசில்தான் துணை.

ஆகவே மூன்று காரியங்கள் நடக்கவேண்டும் என்று விரும்புகிறேன். ஒன்று, ஒவ்வொரு ஏச்சும் அறிக்கையாகவேண்டும். அந்த வாரமே நடுவர் சங்கத்திலிருந்து ஒருவர் ஏச்சு வாங்கிய நடுவரைக் கூப்பிட்டு, ‘எழுத உதவி வேண்டுமா?’ என்று கேட்கவேண்டும். இரண்டு, எல்லைக்கோட்டில் நின்று கத்தும் பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் கிளப்பே பொறுப்பேற்கவேண்டும். கேட்காத கிளப்புக்கு லீக் புள்ளிகளைக் குறைத்தால் மறுவாரமே வித்தியாசம் தெரியும். மூன்று, தடை பெற்றவர் திரும்ப வருவதற்குமுன், தம் கிளப்பின் பயிற்சி ஆட்டங்களில் விசிலைப் பிடித்து நடுவராக நிற்கவேண்டும். முப்பது பேரின் பார்வையைத் தாங்கி ஒரு தீர்ப்புச் சொல்வது என்னவென்று அவருக்குத் தெரியட்டும்.

நேயர்களே, தொடர்ந்து ஏச்சு வாங்கும் தன்னார்வலர் சண்டை போடமாட்டார். அடுத்த பருவத்துக்குப் பெயர் கொடுக்காமல் இருந்துவிடுவார். அவர் வராத ஊரில் வீரர்கள் இருப்பார்கள், பந்து இருக்கும், ஆட்டம் இருக்காது. அந்த 2 வாரத் தடையைத் தயங்காமல் போடுங்கள் என்று நான் கேட்பது ஆட்டம் நடக்கவேண்டும் என்பதற்காகத்தான்.