க்ளவுட் பில்லிங்: வாங்கும் முன் சில கேள்விகள்

(பொதுக்குழுக் கூட்டத்தில் பொருளாளர் பேசியது)



போன மாதம், பணம் கட்டிவிட்ட ஒரு பெரியவரின் பெயரை பாக்கிப் பட்டியலில் சேர்த்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டோம். யுபிஐயில் வந்த தொகையை வேறு வீட்டு எண்ணில் பதிந்தது நான்தான். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். கணக்கு என் லேப்டாப்பில் மட்டுமே இருந்ததால், அவராலும் முன்கூட்டிப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் க்ளவுட் மென்பொருள் பற்றி இந்தப் பேச்சு.

மூன்று நிறுவனங்கள் டெமோ காட்டின. டெமோவில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். நம் சிக்கல்களைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பாதித் தொகை கட்டினால், மீதி அடுத்த பில்லில் சரியாக வருகிறதா? குடியிருப்பவர் பராமரிப்பும் உரிமையாளர் கார்பஸ் நிதியும் கட்டினால் தனித்தனி ரசீது உண்டா? மாதம் 7,500 ரூபாய் வரையிலான ஜிஎஸ்டி விலக்கு, இரண்டு வீடு வைத்திருப்பவருக்கு வீட்டுக்கு வீடு தனி. மென்பொருள் இரண்டையும் கூட்டிவிடுகிறதா?

வீட்டுக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார்கள். கார்டில் கட்டினால் வரும் கூடுதல் கட்டணம் யார் தலையில்?

எல்லாவற்றையும்விட முக்கியம்: நாளை நாம் விலகினால், முழுக் கணக்கும் எக்செல்லில் கைக்கு வருமா? உங்கள் செல்பேசி எண்கள் விளம்பரத்துக்குப் போகாதா? இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்வோம்.

என் யோசனை இதுதான்: கடந்த மூன்று மாதக் கணக்கை ஏற்றி, வங்கி ஸ்டேட்மென்ட்டோடு பைசா சுத்தமாக ஒத்துப் பார்ப்போம். ஒத்துவந்தால் மட்டுமே சந்தா. அதுவரை எந்தப் பெயரும் போர்டில் ஏறாது.