கிழங்கும் அதன் துணையும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருவழியில், நெய்யாற்றின்கரையையும் அமரவிளையையும் கடந்தால், பாறசாலைக்கு முன்னதாக உதியன்குளங்கரை என்னும் சிற்றூர் வருகின்றது. அங்கிருந்து களியக்காவிளை தொலைவில் இல்லை, அதற்கப்பால் தமிழ்நாடு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநில எல்லை வகுக்கப்பெற்றபோது விளவங்கோடு, கல்குளம், அகத்தீசுவரம், தோவாளை ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இரு புறத்தும் வாழ்ந்தோரின் அடுப்பில் வெந்தது மட்டும் ஒன்றாகவே இருந்தது. அதுதான் மரச்சீனி. சேலத்தார் குச்சிக்கிழங்கு என்பர். நூல்களில் மரவள்ளிக்கிழங்கு என்று எழுதுவர். வட திருவிதாங்கூரில் கப்பை என்று கேட்டால்தான் கிடைக்கும். தென் திருவிதாங்கூர் ஏழையின் வீட்டில் வெறுமனே கிழங்கு என்றாலே போதும்.

நேயர்களே, இன்று இக்கிழங்கைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். நம்மில் பலர் அவ்வெல்லைப் புறத்திலிருந்தும் அதுபோன்ற பிற இடங்களிலிருந்தும் பிழைப்புத் தேடித் தில்லிக்கும் மும்பைக்கும் பெங்களூருக்கும் வந்து குடியேறியவர்கள். ஊர் மாறியது, உடன் உணவும் மாறியது. அம்மாற்றம் உடலுக்கு என்ன செய்கின்றது என்று அறிய விரும்புவோர், முதலில் பழைய உணவு அங்குள்ளோரின் உடலை எவ்வாறு வைத்திருந்தது என்று தெரிந்துகொள்ளுதல் நலம்.

மரச்சீனி நம் நாட்டுப் பயிர் அன்று. அதன் தாயகம் தென் அமெரிக்கா. போர்த்துகீசியர் அதனை மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுவந்தனர். எனினும் திருவிதாங்கூர்க் குடிமக்கள் அதை உணவாக ஏற்றது விசாகம் திருநாள் மன்னர் காலத்தில். 1880 முதல் 1885 வரை ஆண்ட அம்மன்னர் தாவர நூலில் தேர்ந்தவர். நெல் விளையாத மேட்டுநிலத்திலும் விளையக்கூடியது, பஞ்ச காலத்தில் உயிர் காக்கக்கூடியது என்று கண்டு இக்கிழங்கைப் பரப்பினார். அடுத்த நூற்றாண்டில் அவருடைய முன்யோசனைக்குச் சோதனை வந்தது. திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே பெற்றுவந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து அரிசிக் கப்பல் வருவது நின்றது. பங்கீட்டு அரிசி வயிற்றின் ஒரு மூலைக்குக்கூடப் போதாத அந்நாட்களில், ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காத்தது இக்கிழங்கே.

உயிரைக் காத்தது என்பதில் ஐயமில்லை. உடலை வளர்த்ததா என்பது வேறு கேள்வி. ஒரு கிலோ கிழங்கு ஏறத்தாழ 1600 கலோரி வெப்பம் தரும். பனையேறுவோருக்கும் மண்வெட்டுவோருக்கும் அது பெரிய துணை. ஆனால் அதே ஒரு கிலோவில் புரதம் 15 கிராமுக்கு மேல் இராது. 65 கிலோ எடையுள்ள ஓர் ஆடவருக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. கிழங்கு ஒன்றாலேயே அதைப் பெற வேண்டுமாயின், ஒருவர் நாள்தோறும் நான்கு கிலோ உண்ண வேண்டும். வயிறு இடங்கொடாது. பக்கத்தில் வைக்கும் 100 கிராம் சாளை மீனோ ஏறத்தாழ 20 கிராம் புரதம் தருகின்றது. பூவாற்றிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் தலைச்சுமையாக வந்த மீன், மயக்கிய கிழங்கின் பக்கத்தில் வெறும் ருசிக்காக இடம்பெறவில்லை. அந்த உணவு முழுமை பெறுவதே அந்த நாலைந்து சாளையினால்தான்.

மீன் வேறொரு காரியத்தையும் செய்கின்றது. மரச்சீனியில் லினமாரின் என்னும் ஒரு பொருள் உண்டு. கிழங்கு நசுங்கும்போதும் செரிக்கும்போதும் அதிலிருந்து சயனைடு நஞ்சு பிறக்கின்றது. தோலில் இது மிகுதி. கசப்புக் கிழங்கில் இன்னும் மிகுதி. நன்றாகச் சமைத்த பின்னும் ஓரளவு எஞ்சலாம். அதை நம் உடல் கந்தகத்தோடு கூட்டி, தீங்கு குறைந்த தயோசயனேட்டு என்னும் பொருளாக்கி, சிறுநீரில் கழித்துவிடுகின்றது. அதற்கு வேண்டிய கந்தகம் எங்கிருந்து வருகின்றது? மீன், முட்டை, பால் முதலியவற்றின் புரதத்திலிருந்து வருகின்றது. துணையின்றிக் கிழங்கை மட்டுமே உண்பவன் நஞ்சையும் ஏற்று, அதை முறிக்கும் பொருளையும் இழந்து நிற்கின்றான். 1981-இல் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் வறட்சி வந்தபோது, பசி பொறாத மக்கள் கசப்புக் கிழங்கை முறைப்படி உலர்த்திப் பதப்படுத்துவதற்குக் காத்திராமல் உண்டனர். உடன் உண்ணப் பயறோ மீனோ இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கால்கள் விறைத்து நடை இழந்தனர். கோன்சோ என்பது அந்நோயின் பெயர். அதற்கு இன்றளவும் மீட்சி இல்லை.

ஆதலால் சமைக்கும் முறை பற்றி இங்கே ஒரு வார்த்தை. மேல்தோலோடு உள்தோலையும் முழுதும் நீக்கவேண்டும். சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீர் விட்டு, மூடாத பானையில் கொதிக்கவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். பெருந்துண்டாகக் குறைந்த நீரில் வேகவைத்தால் நஞ்சின் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். நம் பாட்டிமார் எந்த ஆராய்ச்சிச் சாலையிலும் பயின்றவர்கள் அல்லர்; இருப்பினும் முதல் நீரை வடிக்காமல் அவர்கள் கிழங்கை இறக்கியதில்லை. 1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் நிறுவப்பெற்ற மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் அளந்து கண்டதும் இவ்வழக்கத்தையே உறுதி செய்தது. நகரத்து அழுத்தக் கொப்பரையில் சிறிதளவு நீர் விட்டு, மூடி வேகவைத்து இறக்கும் புதுப்பழக்கம் அத்துணை நல்லதன்று.

இனி, இக்கிழங்கின் மேல் வைத்தியர்கள் சுமத்திய குற்றங்களைப் பார்ப்போம். அவ்வரலாறு சுவையானது.

நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவமனை புகழ்பெற்றிருந்தது. 1922-இல் எவரெஸ்டுச் சிகரம் ஏறச் சென்ற குழுவில் ஒருவரான ஹோவர்டு சாமர்வெல் என்னும் அறுவை வைத்தியர், திரும்பும் வழியில் அவ்வூருக்கு வந்தார். நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டார். இலண்டனில் காத்திருந்த எதிர்காலத்தைத் துறந்து அங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். 1924-இல் மீண்டும் எவரெஸ்டு சென்று மூச்சுக்காற்றுக் கருவியின்றி ஏறத்தாழ 28,000 அடி உயரம் எட்டியவர் அவர். அத்தகையவரை நெய்யூரில் வியப்பில் ஆழ்த்தியது தென் திருவிதாங்கூர் மக்களின் வயிறு. சிறுகுடலின் தொடக்கத்தில் உண்டாகும் புண்ணோடு நோயாளிகள் அலையலையாக வந்தனர். அப்புண்ணுக்காக அவர் செய்த அறுவைகள் மிகப் பல. காரணம் உணவாகவே இருக்கவேண்டும் என்று அவர் ஐயுற்றார்.

அதே காலத்தில் குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் வெள்ளெலிகளைக் கொண்டு சோதனைகள் நடத்திவந்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியரின் உணவாகிய முழுக்கோதுமை ரொட்டி, பால், பயறு, பச்சைக் காய்கறி. ஒரு கூட்டத்துக்குச் சென்னை மாகாண ஏழையின் அரிசி உணவு. இன்னொரு கூட்டத்துக்குத் திருவிதாங்கூர் ஏழையின் மரச்சீனி உணவு. சீக்கிய உணவு உண்ட எலிகளுக்கு இரைப்பைப் புண் வரவில்லை. அரிசி உணவினவற்றுள் சிலவற்றுக்கு வந்தது. மரச்சீனி உணவினவற்றுள் அதனினும் மிகுதியாக வந்தது. 1936-இல் இலண்டனில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இது இடம்பெற்றது. அன்றைய குன்னூர் ஆராய்ச்சிச் சாலையே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது.

குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகவே தோன்றியது. ஆனால் 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்து நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர், இரைப்பையில் வாழும் ஒரு நுண்கிருமியே புண்ணுக்கு முதற்காரணம் என்பதற்கு வழி திறந்தனர். 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அறுவையால் தீர்த்த நோய் மாத்திரையால் தீர்ந்தது. அப்படியாயின் கிழங்கு குற்றமற்றதா? முழுதும் அப்படிச் சொல்வதற்கில்லை. அக்கிருமி நம் நாட்டில் வடக்கிலும் தெற்கிலும் ஏராளமானோரிடம் உண்டு. புண்ணோ சிலருக்கே வருகின்றது. அரிசி உண்ணும் தெற்கில் மிகுதியாகவும், கோதுமை உண்ணும் பஞ்சாபில் அரிதாகவும் அது இருந்ததை, மைசூரில் பணியாற்றிய பிராங்க் டோவி என்னும் அறுவை வைத்தியர் பல்லாண்டு ஆராய்ந்தார். விதை கிருமியினுடையது, நிலத்தைப் பண்படுத்தியதில் உணவுக்கும் பங்கு உண்டு என்று கொள்வதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

இரண்டாவது குற்றம் நீரிழிவைப் பற்றியது. கேரளத்து ஏழை இளைஞர் சிலரிடம், கணையத்தில் கற்கள் படிந்து, தாங்கொணா வயிற்றுவலி கண்டு, பின்னர் நீரிழிவும் தோன்றியதை மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கானோரிடம் ஆராய்ந்து 1968-இல் நூலாக வெளியிட்டார். மரச்சீனி உண்ணும் நாடு, மெலிந்த உடல், சயனைடு: மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் கிழங்கையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினர். உலக சுகாதார நிறுவனமும் 1985-இல் ஊட்டக்குறைவால் வரும் நீரிழிவு என ஒரு தனி வகை வகுத்தது. 1999-இல் அவ்வகையை நீக்கிவிட்டது. கிழங்கையே உண்ணாத பகுதிகளிலும் அந்நோய் காணப்பட்டதும், பரம்பரைக் கூறுகள் சில அதற்கு இடந்தருவது பின்னர்த் தெரியவந்ததும் வழக்கை நிலைகுலையச் செய்தன.

இவ்விரு வழக்குகளிலும் நாம் காண்பது ஒன்று. தட்டில் கண்ணுக்குத் தெரிந்த பொருளின்மேல் பழி விழுந்தது. தட்டில் இல்லாத பொருளை எண்ணியவர் சிலரே. மீனும் பயறும் கீரையும் வாங்க இயலாதவன் கிழங்கை மட்டும் உண்டான். அவனுடைய நோயில் கிழங்கின் பங்கு எவ்வளவு, வறுமையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று.

இன்று நம்மை நோக்கி வருவோம். மரச்சீனிப் பயிர் கேரளத்தில் 1970-களின் நடுப்பகுதியில் உச்சநிலையில் இருந்து, பின்னர் இரப்பர் வந்ததும் பெரிதும் சுருங்கிவிட்டது. வறுமையும் குறைந்தது. இப்போதோ மறுபுறத்திலிருந்து ஆபத்து வருகின்றது. சென்னை மருத்துவர் மோகன், மருத்துவர் அஞ்சனா முதலியோர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையோர். நாடு முழுவதற்கும் விகிதம் 11.4 சதவிகிதம், கேரளத்தில் 25.5 சதவிகிதம். அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025-இல் வந்த செய்தி, நம் நாட்டார் உணவின் வெப்பத்தில் 62 சதவிகிதம் மாச்சத்திலிருந்தே வருகின்றது என்பது.

இங்கேதான் வெளிமாநிலத் தமிழர் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கின்றது. பழைய உணவின் மாச்சத்தை நாம் விடவில்லை. அதைச் செலவழித்த உழைப்பை விட்டுவிட்டோம். அதன் துணையையும் விட்டுவிட்டோம். புழுங்கலரிசியின் இடத்தில் நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி வந்தது. நெல்லைப் புழுக்கும்போது உமியையும் தவிட்டையும் ஒட்டிய உயிர்ச்சத்துக்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்குகின்றது. தீட்டிய பச்சரிசிக்கு அப்பேறு இல்லை. கடற்கரை தூரமாயிற்று, சாளை அரிதாயிற்று. முருங்கை முற்றத்திலிருந்து அங்காடிக்குப் போய், விலைப்பொருளாயிற்று. காலையில் இட்டலி, பகலில் சோறு, மாலையில் சர்க்கரையிட்ட தேநீரும் ரொட்டியும், இரவில் சப்பாத்தி என்று வேளைதோறும் பெயர் மாறுகின்றதேயன்றிப் பொருள் மாறுவதில்லை.

மீன் கிடைக்காத இடத்தில் பயறு கிடைக்கும். எல்லைப்புறத்தில் கஞ்சியோடு சிறுபயறு சேர்ப்பது வழக்கம். அரிசிப் புரதத்தில் குறைவான லைசின் என்னும் கூறு பயற்றில் மிகுதி. பயற்றில் குறைவான கந்தகக் கூறு அரிசியில் உண்டு. வடநாட்டு இராஜ்மாவும் கொண்டைக்கடலையும் இதே வேலையைச் செய்யும். புலால் உண்போர் தில்லிச் சந்தையின் ஆற்று மீனை வேற்றுப்பொருள் என்று ஒதுக்க வேண்டியதில்லை. சோற்றைக் குறைத்து அவ்விடத்தைத் துணைக்குக் கொடுப்பதே முறை. சோற்றையும் வைத்துக்கொண்டு துணையையும் கூட்டினால் எடை கூடும்.

மும்பையிலும் புனேயிலும் வாழும் நேயர்களுக்கு ஒரு செய்தி. விரத நாட்களில் மராட்டியர் உண்ணும் சாபுதானா, பெரும்பாலும் சேலத்து ஜவ்வரிசியே. இரண்டாம் உலகப்போரில் கீழைநாட்டு இறக்குமதி தடைப்பட்ட பின் குச்சிக்கிழங்கு மாவிலிருந்து அதைச் செய்யும் தொழில் சேலத்தில் தோன்றி வளர்ந்தது. மாச்சத்தைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை எனலாம். ஆனால் மராட்டியப் பெண்கள் அதைத் தனியே சமைப்பதில்லை. வறுத்துப் பொடித்த வேர்க்கடலையைத் தாராளமாகச் சேர்த்தே கிளறுகின்றனர். 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம் புரதம் உண்டு. பூவாற்று மீன்காரி எட்டாத ஊரில், கிழங்குக்குத் துணையாக வேறொன்றை அவர்கள் தாமே கண்டுகொண்டிருக்கின்றனர். நீரிழிவுடையோர் அதை அரைத்தட்டுக்கு மேல் உண்ணாதிருத்தல் நன்று. கடலையை மட்டும் குறைக்க வேண்டாம்.