ஆற்றுப்படுத்துவோர்



பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தில் கவிஞர்கள் கூடியிருக்கும் வேளையில், ஒரு பழஞ்சொல் நினைவுக்குரியது. பரிசில் பெற்ற கலைஞன், வறுமையில் வாடும் மற்றொருவனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் காட்டுவது ஆற்றுப்படை. காவிரி நாடாண்ட கரிகாலனைப் போற்றும் பொருநராற்றுப்படை அவ்வகையினது. இன்று மனம் நொந்தோர்க்குத் துணைநிற்பவரும் 'ஆற்றுப்படுத்துநர்' எனப்படுகிறார்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய பொருநன் தான் நடந்த வழியையே காட்டினான். காப்பகத்துக் குழந்தையின் எதிரே அமர்பவரோ, அக்குழந்தை கடந்த வழியை அறியாதவர். ஆகவே அவர் பேசுமுன் கேட்க வேண்டும். கேட்குமுன் காத்திருக்க வேண்டும்.

1991 வரை தஞ்சை மாவட்டத்தில் அடங்கியிருந்த நாகப்பட்டினம் பகுதியில், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாகையில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் அமைந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் ஊர்த் தொண்டர்களுக்கு உளநலப் பயிற்சி அளித்தனர்.

இத்தகைய குழந்தைகள் இரவில் அலறுவதும் படுக்கையை நனைப்பதும் பேச்சை நிறுத்திவிடுவதும் உண்டு. அவற்றைக் குறும்பென்று தண்டித்தால் காயம் ஆழமாகும். நேரந்தவறாத உணவு, நாள்தோறும் அதே முகம், உடன்பிறந்தாரைப் பிரிக்காமை, வரையத் தாளும் வண்ணமும் ஆகியவையே முதல் மருந்து. துயருற்றவரைப் பேசும்படி வற்புறுத்தலாகாது என்பதே உலக நலவாழ்வு நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் அறிவுரை. வருவோர் போவோரிடமெல்லாம் அன்று நடந்ததை ஒப்பிக்கச் செய்வது பரிவாகாது.

இவ்வுண்மை நெல் விளையும் இம்மண்ணுக்குப் புதிதன்று. நாற்றங்காலில் பறித்து நட்ட பயிர் சில நாள் வெளுத்து நிற்கும். வேர் பிடித்ததா என்று எந்த உழவரும் பிடுங்கிப் பார்ப்பதில்லை. தண்ணீரின் அளவைக் கவனித்தபடி, பச்சை பிடிக்கும்வரை பொறுத்திருப்பார்.

கவிஞர்க்கும் இதில் கடமை உண்டு. பேரிடர் நேர்ந்தால் இரங்கற்பாக்கள் பெருகும். ஒரு குழந்தையின் பெயரும் ஊரும் கண்ணீரும் பாடுபொருளாகிவிடும். பாடியவர் மறந்துவிடலாம், பாடப்பட்ட குழந்தை வளர்ந்து அதைப் படிக்கும். 2004இல் ஐந்து வயதாயிருந்தவர் இன்று இருபதைக் கடந்தவர். தம் துயரைச் சொல்லவும், சொல்லாதிருக்கவும் அவருக்கே உரிமை.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, பதினெட்டு வயது நிரம்பிக் காப்பகத்தை விட்டு வெளியேறுவோர்க்கு 21 வயது வரை பின்தொடர் பராமரிப்புக்கு இடமளிக்கிறது. சட்டம் உதவியைத் தரலாம். உறவைத் தர மனிதர் வேண்டும். இலக்கிய வட்டம் ஒன்று திங்கள்தோறும் காப்பகம் சென்று கதை சொல்லலாம். பிள்ளைகளை எழுதச் செய்யலாம். எழுதியதை அச்சேற்ற விரையாமல், அவர்களிடமே விட்டுவரலாம். அடுத்த திங்களும் தவறாமல் செல்லவேண்டும். சொன்ன நாளில் வந்து நிற்பதே அப்பிள்ளைகளுக்கு முதல் ஆற்றுப்படை.