ராத்திரி ஏசி சர்வீசுக்கு போன் செய்தால்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

முன்பெல்லாம் ராத்திரி 11 மணிக்கு ஏசி சர்வீசுக்கு போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். இப்போது உடனே எடுத்து, "என்ன பிரச்சினை?" என்று இனிமையாகக் கேட்கிறது ஒரு குரல். அது ஆள் இல்லை, ஏஐ. நம் பேச்சை எழுத்தாக்கி, விஷயத்தைப் பிடித்து, பதிலைக் குரலாகத் தருகிறது. தண்ணீர் சொட்டுகிறது, கூலிங் இல்லை என்றால் ஒழுங்காகவே புக் செய்கிறது. வீட்டு எண்ணை மட்டும் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். என் பதினாலை நாற்பது என்று எடுத்துக்கொண்டது!

போன மாதம் எங்கள் ஏசி பக்கம் கருகல் வாடை. "கருகுது" என்று அதனிடம் சொன்னேன். "காலை 10 மணிக்கு டெக்னீஷியன் வருவார்" என்றது. நானும் நிம்மதியாகப் படுக்கப் போனேன். என் மனைவிதான் எழுந்துபோய் எம்சிபியை இறக்கினாள். மறுநாள் மெக்கானிக் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். லூஸ் கனெக்‌ஷன். பிளக் ஒரு பக்கம் உருகியிருந்தது.

வாடை, புகை, தீப்பொறி எது வந்தாலும் முதலில் எம்சிபி, அப்புறம்தான் போன். ரிமோட்டில் அணைத்தால் போதாது, பிளக்கில் கரண்ட் இருக்கும். தண்ணீர் ஊற்றாதீர்கள். புகை நிற்காவிட்டால் எல்லோரும் வெளியே வந்து 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

நம் கிளப் ஹவுஸ் ஏசிகளுக்கு அடுத்த மாதம் ஏஎம்சி புதுப்பிக்க வேண்டும். 'புகை' என்றதும் அழைப்பு டியூட்டி மெக்கானிக்கிற்கு மாறுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.