மனை விலையை ஏற்றியது யார்?
(திருவண்ணாமலையில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெல்லும் மணிலாவும் விளைந்த நம் நிலங்களில் இன்று மனைக்கற்கள் நிற்கின்றன. விலை ஏறியது மனை வியாபாரியின் திறமையாலா? இல்லை. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். அந்தப் பாதையும் விளக்கும் குடிநீரும் பொதுப் பணத்தில் வந்தவை. விலையை ஏற்றியது ஊர். லாபம் போவது மனை முதலாளிக்கு.

விலை ஏற ஏற, கூலிக்காரன் எங்கே ஒதுங்குவான்? ஏரிக்கரையில், மலையடிவாரத்தில். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், வ.உ.சி. நகரில் மலை சரிந்து வீட்டை மூடியது. ஏழு பேர் மாண்டனர். அதில் ஐவர் குழந்தைகள். மழையை மட்டும் குற்றம் சொல்லி நாம் வாளாவிருக்கலாமா?

தவணையில் மனை தருவதாக வருபவரிடம் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு எண்ணைக் கேட்போம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதியாமல் விற்கக் கூடாது. எண் இல்லையேல் முன்பணமும் இல்லை!

அத்துடன் நில்லோம். சரிவும் வெள்ளமும் எட்டாத இடத்தில், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில், வீட்டுமனைப் பட்டா கேட்போம். ஒருவராக அல்ல, ஊராகத் திரண்டு கேட்போம்!