வண்டியின் புகைக் குழாயில் கை வைக்கலாமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன் வாங்கி டீசல் லோடு வேன் எடுத்த குழுக்கள் நம்மிடையே உண்டு. காய்கறி, பால், செங்கல், கல்யாண சாமான் என்று வாடகைக்கு ஓட்டி, மாதா மாதம் தவணை கட்டி வருகிறார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அந்த வேன் பற்றி ஒரு பேச்சு சமீபமாக நம் காதுக்கு வருகிறது. "அக்கா, டேஷ்போர்டுல லைட்டு எரியுது, வண்டி இழுக்க மாட்டேங்குது. மெக்கானிக் அந்த பில்டரைக் கழட்டி எறிஞ்சுட்டா மைலேஜும் கூடும், தொல்லையும் தீரும்னு சொல்றாரு. செய்யலாமா?" இதைத்தான் இன்று சேர்ந்து யோசிக்கப் போகிறோம்.

அந்த பில்டர் எதற்கு?

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பதிவாகும் புதிய வண்டிகளுக்கு பி.எஸ்.-6 என்ற புகை விதி வந்தது. அதற்காக டீசல் வண்டியில் சில பாகங்கள் சேர்ந்தன. புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று. மெக்கானிக்குகள் இதை டி.பி.எஃப். என்பார்கள். புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு இன்னொன்று. சில வண்டிகளில் 'ஆட் ப்ளூ' என்ற திரவத்தையும் ஊற்ற வேண்டும்.

நம் வீட்டு மாவுச் சல்லடை அடைத்துக்கொண்டால் தட்டிச் சுத்தம் செய்கிறோம் அல்லவா? இந்த வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். நல்ல சூடு ஏறும்போது பிடித்த கரியை எரித்துவிடும். ஆனால் நம் வண்டிகள் ஓடுவது எப்படி? ஊருக்கும் சந்தைக்கும் நாலு கிலோமீட்டர், நின்று நின்று, மெதுவாக. சூடு ஏறுவதில்லை. கரி சேர்கிறது, லைட் எரிகிறது, இழுவை குறைகிறது. ஆக, குறை பெரும்பாலும் பாகத்தில் இல்லை, நாம் வண்டியை ஓட்டும் விதத்தில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, கம்பெனி தந்த அமைப்பிலிருந்தும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்திலிருந்தும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எரிவாயு கிட் போன்ற சில மாற்றங்களுக்கு மட்டும் விதிப்படி வழி உண்டு. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே கருத்தை உறுதி செய்தது.

2019-ல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று அது விதித்தது. புகை அளவை மீறி ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் ரத்து என்று 190-ஆம் பிரிவும் கடுமையாக்கப்பட்டது.

இங்கே ஒரு வார்த்தையைக் கவனியுங்கள்: 'உரிமையாளர்'. நம் குழுக்களில் பணம் பன்னிரண்டு பேருடையது, ஆனால் ஆர்.சி. பெரும்பாலும் ஒரே உறுப்பினர் பெயரில் இருக்கிறது. மாற்றச் சொன்னது டிரைவராக இருக்கலாம், கழட்டியது மெக்கானிக்காக இருக்கலாம். நோட்டீஸ் வந்து நிற்பது அந்த ஒரு அக்காவின் வாசலில்தான். தீர்மானத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாலும், அவர் பெயரை வண்டியிலிருந்து எடுக்க முடியாது.

"பொல்யூஷன் டெஸ்டில் பாஸ் ஆயிடுச்சே?" என்று கேட்பீர்கள். பாஸ் ஆனாலும் மாற்றம் சட்டப்படி சரியாகிவிடாது. அதோடு நம் லோடு வேனுக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதன்பின் வருடா வருடமும் எஃப்.சி. காட்ட வேண்டும். பாகம் இல்லாத வண்டிக்கு அங்கே தடை போட்டால், வண்டி நிற்கும். தவணை நிற்காது.

இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

இதில் பயமுறுத்தவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி பார்ப்போம்.

முதலில் புகைச் சான்று. சான்று இல்லாமல் பாலிசியைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலையில் அந்த நிபந்தனையை நீக்கியது. புகைச் சான்று இல்லை என்ற ஒரே காரணத்துக்காக க்ளைமை மறுக்க முடியாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே விளக்கியது. ஆனால் ரோட்டில் ஓட்டச் சான்று கட்டாயம்தான்.

பாகத்தைக் கழட்டுவது வேறு விஷயம். பாலிசியில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, நம் வண்டியால் அடிபட்டவருக்கான இழப்பீடு. இதைக் கம்பெனி எளிதில் மறுக்க முடியாது. மறுக்கக்கூடிய காரணங்கள் சட்டத்திலேயே எண்ணி வைக்கப்பட்டுள்ளன. முக்கியமான தகவலை மறைத்து பாலிசி எடுத்தது அதில் ஒன்று. சில வழக்குகளில் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கக் கோர்ட் அனுமதித்திருக்கிறது.

இன்னொன்று, நம் வண்டிக்கே ஏற்படும் சேதம். இங்குதான் ஆபத்து அதிகம். வண்டியை நல்ல நிலையில் பராமரிப்பேன் என்பது நாம் கையெழுத்திட்ட நிபந்தனை. புகைக் குழாயை அறுத்து ஒட்டிய இடத்தில் சூடு கிளம்பித் தீப்பிடித்தது என்று வையுங்கள். சர்வேயர் வந்து பார்த்தால், மாற்றத்துக்கும் சேதத்துக்கும் நேரடித் தொடர்பு தெரியும். கை விரிக்கக் கம்பெனிக்குக் காரணம் கிடைத்துவிடும். நிறுத்தி வைத்த வண்டி மேல் மரம் விழுந்தால் அப்படி மறுப்பது கஷ்டம், நாம் வாதாடலாம். ஆனால் வாதாடுகிற மாதங்களில் தவணையை யார் கட்டுவது?

ஒரு கணக்குக்குச் சொல்கிறோம். வங்கியில் 4,80,000 ரூபாய் பாக்கி, உறுப்பினர் 12 பேர். வண்டி எரிந்து க்ளைமும் வரவில்லை என்றால் தலைக்கு 40,000 ரூபாய். டீசலில் மிச்சமாகும் நூறு இருநூறுக்காக இந்தப் பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வதா? அதோடு வாரண்டியில் உள்ள வண்டி என்றால் வாரண்டிக்கும் சிக்கல்.

கடைசியாகப் புகை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் உறுதிப்படுத்தியது. வண்டி நிற்பது நம் வீட்டு வாசலில். வண்டியின் பின்னால் நடந்து பள்ளிக்கூடம் போவது நம் பிள்ளைகள்.

அப்போ என்னதான் செய்வது?

1. வடிகட்டி லைட் எரிந்தால் மறு வேலைக்கு முன் கையேட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் மெயின் ரோட்டில் பதினைந்து இருபது நிமிடம் ஒரே சீராக ஓட்டினால் கரி எரிந்துவிடும். வாரம் ஒரு முறை இப்படி ஓட்டுவதை டிரைவருக்குப் பழக்கமாக்குங்கள்.

2. அப்படியும் அணையாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கருவி வைத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கழட்டுவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பெனி சொன்ன ஆயிலையே போடுங்கள்.

3. பழைய வண்டி வாங்கும் குழுக்கள், எல்லாப் பாகமும் இருக்கிறதா என்று தெரிந்தவரை வைத்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். முன்னவர் கழட்டியிருந்தாலும் பெயர் மாறியபின் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

4. ஏற்கெனவே கழட்டியிருந்தால், அந்தப் பாகத்தைத் திரும்ப மாட்டி, பில்லைக் கோப்பில் வையுங்கள். மாட்டும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

5. வண்டியில் எந்த மாற்றமும் குழுக் கூட்டத்தில் தீர்மானமில்லாமல் செய்யக் கூடாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ள உறுப்பினர் சம்மதம் கட்டாயம்.

6. க்ளைமை நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

சகோதரிகளே, மெக்கானிக் நம் எதிரி இல்லை. நம் சிரமத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறார். ஆனால் வண்டி போனால் அவர் தவணை கட்ட மாட்டார். கட்டப்போவது நாம். அதனால் முடிவும் நம்முடையதாக இருக்க வேண்டும். அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் வண்டியின் ஆர்.சி., பாலிசி, எஃப்.சி., புகைச் சான்று நான்கையும் மேசை மேல் வைத்து, தேதிகளைப் படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படியுங்கள், எல்லோரும் கேளுங்கள்.